கட்டைவிரலுக்கு ஒரு காப்புறுதி

ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஃபோர்க்லிஃப்டின் கைப்பிடி வழுக்கியது. எண்ணெய் கசிகிறது என்று நினைத்து இடது கையால் துடைத்தேன். கை சிவப்பாக வந்தது. வலது கட்டைவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், பெட்டி கட்டுகிற தகரப்பட்டை கிழித்திருந்தது. எப்போது கிழித்தது என்று தெரியவில்லை. காலையிலா, சாப்பாட்டுக்குப் பிறகா, யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. வலி இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், உள்ளங்கையில் அவற்றுக்குக் கீழே உள்ள மேடு, இவ்வளவும் மரத்துப்போயிருந்தன. உணர்ச்சி ஒரே நாளில் போகவில்லை. முதலில் தூங்கி எழுந்தால் சுருக் சுருக்கென்று இருக்கும், உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. பிறகு அந்தச் சுருக்கும் போய்விட்டது. அது போனதைச் சுகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். பெக்கான் நானாஸில் அன்னாசிக் காட்டில் கூடை தூக்கினேன். சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் சட்டி கழுவினேன். லாரியில் அட்டெண்டராக வடக்கே போய் வந்தேன், பல வருடம் தூக்கம் எல்லாம் சீட்டில் கழுத்து தொங்கியபடிதான். ஓர் இடத்தில் தங்க எனக்கு வராது. இரண்டு தீபாவளிக்கு மேல் ஒரே வேலையில் இருந்தது பாசீர் கூடாங் கிடங்கில்தான். அங்கேதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தேன். என்னிடம் இருந்த ஒரே சான்றிதழ் அதுதான்.

மேற்பார்வையாளர் மலாய்க்காரர், நல்ல மனிதர். என் விரலைப் பார்த்தார். பேனா முனையால் குத்தினார். நான் சும்மா நின்றேன். இன்னொரு முறை குத்தினார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார். கை உணராத ஆளை வண்டியில் ஏற்ற அவருக்கு அனுமதி இல்லை. "கை திரும்பினதும் ஏறு. சீனப் புத்தாண்டு முடிந்ததும் காண்ட்ராக்ட் புதுப்பிப்பார்கள். அதற்குள் பார்த்துக்கொள்," என்றார். அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரியும். கூட்டுகிற வேலைக்கு வெளி ஏஜென்சியின் ஆட்கள் இருந்தார்கள். ஓட்ட முடியாவிட்டால் எனக்கு அங்கே இடமில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கழுத்தைப் படம் எடுத்தார்கள். எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். கழுத்தில் பிரச்சினை, கையில் மரப்பு. அறுவை செய்யலாம், ஆனால் அவசரமில்லை, முதலில் வேறு வழிகளைப் பாருங்கள் என்றார் அந்தப் பெண் மருத்துவர். அங்கேயே ஊசி வைத்தியப் பிரிவு இருந்தது. வெளியே சக்கர நாற்காலிகளில் பக்கவாதக்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். எனக்குக் கொடுத்த தேதி காண்ட்ராக்டுக்கெல்லாம் அப்பால் இருந்தது. அவர்களைப் பார்த்த பிறகு தேதியைப் பற்றி வாதாட எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில் நாடு முழுக்க இதே பேச்சு. ஆஸ்பத்திரிச் செலவு ஏறுகிறது, காப்புறுதிக் கட்டணம் ஏறுகிறது, அரசாங்கம் சுகாதாரத் துறையைச் சீர்திருத்தப் போகிறது, எல்லோரும் வாங்கக்கூடிய அடிப்படைக் காப்புறுதி வரப்போகிறது. மாமாக் தேநீர்க் கடையில் தே தாரே குடிக்க உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் யாராவது இதைத்தான் அடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அது வருவதற்கு முன்பே எங்கள் கம்பெனிக்குக் காப்புறுதி தருகிற நிறுவனம் ஒரு புது மருத்துவ அட்டையைச் சோதனையாகக் கொண்டுவந்தது. அதில் ஊசி வைத்தியமும் சேர்ந்திருந்தது. விளக்கிச் சொல்ல ஓர் அக்கா வந்தார். முன்பு பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவராம். எங்களையும் அப்படித்தான் பார்த்தார்.

சாப்பாட்டுக் கொட்டகையில் வைத்து அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் கையைத் தூக்கினான்.

"ஊசி குத்திக்கிறதுக்கு கார்டா? அலாமாக்! தைப்பூசத்துல நாங்க சும்மாவே குத்திக்கிறோம் லா அக்கா. அதுக்குக் கிளைம் பண்ணலாமா?"

"பண்ணலாமே தம்பி. முருகன்கிட்ட சீல் வச்ச ரசீது வாங்கிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்குச் சாமான் ஏற்றுகிற பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சீனங்க ஊசிக்குக் குடுக்குறீங்க. நம்மாளுங்க எண்ணெ போட்டு நீவி விடுறாங்களே, அதுக்கு?"

"அது அடுத்த கட்டமாம் ண்ணே. இப்பதான் ஒண்ணொண்ணா சேக்குறாங்க."

"அடுத்த கட்டம் வர்றதுக்குள்ள நான் கட்டையில போயிடுவேன் ம்மா."

கூட்டம் கலைந்த பிறகு நான் அக்காவிடம் கையைக் காட்டினேன். அவர் மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். "மொதல்ல டாக்டர் எழுதிக் குடுக்கணும். அப்புறம் பதிவு பண்ண சீன வைத்தியர், சின்செகிட்டதான் போகணும், கண்ட எடத்துல குத்திக்கக் கூடாது. பாதி முடிஞ்சதும் சின்செ ரிப்போர்ட் அனுப்புவாங்க. ஊசி வேலை செய்யுதுன்னு அதுல இருந்தா மீதிக்கும் கார்டு குடுக்கும். இல்லன்னா மூடிடுவாங்க. அவ்வளவுதான் தம்பி, வேற ஒண்ணும் இல்ல."

கம்பெனி கிளினிக்கின் டாக்டர் தமிழர். அவசரக்காரர். அட்டையின் விதிப்படி நாட்பட்ட வலிக்குத்தான் ஊசி.

"வலி இருக்கா?"

"இல்ல டாக்டர். வலியே இல்ல. அதான் பிரச்சன."

"கழுத்துல? ஒரு துளி?"

"ஒரு துளி இருக்கும்."

"அந்தத் துளி போதும்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அண்ணனோடு அறையைப் பகிர்ந்து இருந்தேன். கூடப்பிறந்தவர் இல்லை. அடுக்குமாடி ஒன்றில் காவல் வேலை, பகலில் தூங்குவார். தைப்பூசத்துக்கு எங்கள் காவடிக் குழுவில் எல்லோருக்கும் அலகு குத்துகிறவர் அவர்தான். எனக்கும் அவர்தான் குத்தினார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வருடம் வேண்டிக்கொண்டு காவடி எடுத்தேன். அம்மா போன பிறகும் எடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தைப்பூசம் வந்தால் விரதம் இருப்பேன், கன்னத்தைக் காட்டுவேன்.

அலகுக்கு முறை உண்டு. விரதத்தில் கறி மீன் கூடாது. அன்று காலையில் வெறும் வயிறு. கண்ணை ஓர் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வேல் கன்னத்தில் இறங்கும்போது முகம் அசையக் கூடாது, மூச்சு மாறக் கூடாது. வலிக்கிறது, எரிகிறது என்று ஒரு சொல் வரக் கூடாது. குத்துகிறவர் ஒன்றும் கேட்க மாட்டார். கண்ணைப் பார்த்தே எவ்வளவு போகலாம், எங்கே நிறுத்தலாம் என்று அறிந்துகொள்வார். முகம் மாறாமல் நின்றவனை மற்றவர்கள் தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அது நன்றாகவே வந்தது. பள்ளியில் வராதது எல்லாம் அதில் வந்தது.

ஊசி வைத்தியத்துக்குப் போவதற்கு முன்னால் அண்ணனிடம் சொன்னேன். அவர் வேலைக்குப் போக காலணி மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா ஊசி?"

"மெல்லிசுதான் ண்ணே. தலமயிர் மாதிரி இருக்குமாம்."

"மெல்லிசோ தடியோ, ஒடம்புல இரும்பு எறங்குதுல்ல? சுத்தமா போ. கறி தொடாத. என்னா வேண்டிக்கிட்டுப் போற?"

"வண்டி ஓட்டணும்னுதான்."

"சரி. அப்ப முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத. இங்க கொஞ்சம் சரியாச்சு, அங்க கொஞ்சம் சரியாச்சுன்னு எவன்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. பாதியில சொன்னா பாதியிலயே நின்னுடும்."

எங்கள் குழுவில் எல்லோரும் நம்புகிற விஷயம்தான் அது. நேர்த்திக்கடன் முடியும்வரை பலனைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

சின்செயின் இடம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. மேலே ஏறினால் மூலிகை கருகிய வாசனை. சின்செ நடுத்தர வயதுச் சீனப் பெண். வெள்ளைக் கோட்டு, காலில் ஜப்பான் சிலிப்பர். நாங்கள் மலாயில் பேசிக்கொண்டோம். என் மலாய் கிடங்கு மலாய், அவருடையது சந்தை மலாய், இரண்டுக்கும் ஒத்துப்போயிற்று.

முதல் நாள் குளித்து, சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். கட்டிலில் படுக்கச் சொன்னார். எதிர்ச் சுவரில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஓர் ஆளின் படம் மாட்டியிருந்தது. அவன் தொப்புளில் கண்ணை நிறுத்தினேன். கழுத்திலும் தோளிலும் முழங்கைக்குக் கீழும் ஊசிகள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் "ஏதாவது உணர்கிறாயா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தேன். பிறகு அந்தத் தொப்புள் பெரிதாகிக்கொண்டே வந்தது, சுவர் முழுக்க இருட்டாயிற்று. கண் விழித்தபோது ஊசிகள் எல்லாம் வெளியே இருந்தன, கால் தலையணையின் மேல் இருந்தது.

"சாப்பிட்டாயா?" என்றார்.

"இல்லை."

"காலையில்?"

"இல்லை."

"நீ முஸ்லிமா? இது நோன்பு மாதம்கூட இல்லையே!"

ஊசிக்காக விரதம் இருந்தேன் என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. வெறும் வயிற்றோடு வந்தால் இப்படித்தான் விழுவாய், இனி சாப்பிட்டுவிட்டு வா என்று நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே மைலோ கலக்கினார். பிஸ்கட் டின்னைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு சாப்பிட்டுவிட்டே போனேன். கறி மட்டும் தொடவில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் அவர் சொன்னார். மற்றதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாரம்தோறும் அதே கட்டில், அதே புள்ளி ஆள். ஊசியை இறக்கிவிட்டு விரலால் மெல்லத் திருகுவார். "வருகிறதா? கனமாக இருக்கிறதா? மின்சாரம் மாதிரி ஏதாவது?" என்று கேட்பார். "ஓகே, ஓகே," என்பேன். என் முகத்தைப் பார்ப்பார். என் முகம்தான் பழகிய முகமாயிற்றே. அதில் ஒன்றும் இருக்காது. பெருமூச்சு விட்டு இன்னும் கொஞ்சம் திருகுவார். போன வாரத்துக்கு இந்த வாரம் ஏதாவது மாற்றம் உண்டா என்பார். "அப்படியேதான்," என்பேன்.

அப்படியே இல்லை. நான்காவதோ ஐந்தாவதோ முறை, முழங்கைக்குப் பக்கத்தில் ஊசி இறங்கியபோது ஏதோ ஒன்று கனமாகக் கிளம்பிக் கட்டைவிரல் வரைக்கும் போயிற்று. ஈரமான மணல் குழாய்க்குள் நகர்ந்தால் அப்படி இருக்கலாம். அடுத்த வாரமும் வந்தது. நான் தொப்புளைப் பார்த்தபடி மூச்சை ஒரே அளவில் வைத்துக்கொண்டேன். அசையாமல் இருந்ததில் எனக்குத் திருப்திகூட இருந்தது. எவ்வளவு உணர்ச்சி வந்தாலும் காட்டாமல் தாங்குகிறேன், ஊசி நன்றாக இறங்குகிறது என்று நினைத்தேன். வைத்தியம் தெரிந்தவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அண்ணன் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். இவர் சுவரில் படமெல்லாம் மாட்டியிருக்கிறார்.

வீட்டில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டின் பட்டையை மாட்டும்போது கிளிப்பின் விளிம்பு விரலில் தெரிந்தது. தே கிளாஸின் சூடு உள்ளங்கையின் மேட்டில் லேசாகப் பட்டது. சோப்பு வழுக்குவது தெரிந்தது. பெரிய சந்தோஷம் என்று எதுவும் எழவில்லை. வருகிறது, வரட்டும் என்று இருந்தேன். கிடங்கில் துடைப்பத்தைப் பிடித்தபடி, வேறொருவன் ஓட்டுகிற என் வண்டியைப் பார்ப்பேன். அவன் திருப்பங்களில் ஹார்ன் அடிக்கவே மாட்டான். அண்ணனிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் முறைதான்.

பாதி முடிந்தது. சீனப் புத்தாண்டுக்காகச் சின்செ கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போனார். அந்த வாரத்தில்தான் அக்கா கூப்பிட்டார். நான் ஏற்றுமதிப் பகுதியில் அட்டைத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒங்க கார்ட மூடிட்டாங்க."

"ஏன்க்கா?"

"சின்செ ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க. ஊசிக்கு எந்த ரெஸ்பான்ஸும் இல்ல, கையிலயும் மாத்தம் இல்லன்னு. என்னா தம்பி, ஒண்ணுமே தெரியலையா ஒங்களுக்கு?"

"தெரியுதுக்கா."

"என்னாது?"

"தெரியுது. கட்டவெரல் வரைக்கும் வருது. கொஞ்ச நாளாவே வருது."

கார் ஓட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, சிக்னல் போடும் டிக்டிக் மட்டும் கேட்டது.

"அப்ப ஏன் தம்பி சின்செகிட்ட சொல்லல?"

நான் அலகைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அவர் தம்பியும் காவடி எடுக்கிறவர்தானாம்.

"ஐயோ முருகா," என்றார். "முருகனுக்குச் சொல்லாமயே தெரியும். இன்சூரன்ஸுக்குத் தெரியாது தம்பி. சரி விடுங்க. சின்செ வந்ததும் ஓடுங்க. அவங்க திரும்பப் பாத்து, உணர்ச்சி இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நான் மேல பேசிப் பாக்குறேன். காண்ட்ராக்டுக்கு முன்னாடி நடக்கணும், தெரியுதுல்ல?"

தெரிந்தது. அந்த ஒரு வரிதான் இனி என் வேலை.

மாலையில் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இட்லி மாவுப் பொட்டலத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

மாவைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

சின்செ ஊரிலிருந்து வர நாளாயிற்று. அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கதவில் சீன எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கீழே டயர் கடைக்காரர் சொல்லித்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வேலை முடிந்து வருகிற வழியில் ஒவ்வொரு நாளும் மோட்டார்சைக்கிளை நிறுத்தி மேலே பார்ப்பேன். விளக்கு எரியாது.

அந்த நாட்களில் விரல் திரும்ப மங்கியது. முதலில் கிளாஸின் சூடு போயிற்று. பிறகு சோப்பு. கடைசியாக ஹெல்மெட் கிளிப்பை மூன்று முறை அழுத்திவிட்டு, மாட்டியதா இல்லையா என்று கண்ணாடியில் பார்த்தேன். ஊசி நின்றதால் போயிற்றா, தானாகப் போயிற்றா, எனக்குத் தெரியாது. அண்ணனுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. "அன்னிக்கே நெனச்சேன்," என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு சில நாள் என் ஹெல்மெட்டை அவரே மாட்டிவிட்டார். எந்தப் பேச்சும் இல்லாமல், வாசலில் நிறுத்தி, பட்டையை இழுத்துப் பார்த்து, முதுகில் தட்டி அனுப்பினார்.

மாடியில் விளக்கு எரிந்த அன்று படி ஏறிப் போனேன். சின்செ இளைத்திருந்தார். அட்டையை மூடிவிட்டார்கள் என்றதும் அவருக்கு முகம் வாடியது. "நான் பார்த்ததை எழுதினேன். வேறு எப்படி எழுதுவேன்?" என்றார். நான் இருக்கிற மலாயையெல்லாம் கூட்டி விளக்கினேன். கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கோயில் வீதியில் அவரும் பார்த்திருக்கிறார். கூட்டத்தோடு ஓரமாக நின்று படம் எடுத்திருக்கிறாராம்.

"அவர்களுக்கு வலிக்கவே வலிக்காது என்று நினைத்தேன்," என்றார்.

"வலிக்கும்."

"வலித்தால் சொல்ல மாட்டீர்களா?"

"மாட்டோம்."

"ஊசி போடும்போது நோயாளி சொல்வதை வைத்துத்தான் நான் ஆழத்தை முடிவு செய்கிறேன். நீ 'ஓகே' என்றாய். நான் உள்ளே போய்க்கொண்டே இருந்தேன். ஒருநாள் எனக்கே பயமாக இருந்தது," என்றார். பிறகு எழுந்து கையைக் கழுவினார். "படு. இன்று அட்டை வேண்டாம். நான் பார்க்கிறேன். இருக்கிறதைச் சொல். இருந்தால் இன்றே எழுதி அனுப்புகிறேன்."

படுத்தேன். சுவரில் இருந்த ஆளைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார் என்றார். அது சிரமமாக இருந்தது. ஊசி இறங்கும்போது இன்னொருவர் கண்ணை நான் பார்த்ததே இல்லை. கழுத்தில் ஒன்று. "இருக்கிறது," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. தோளில் ஒன்று. "இருக்கிறது. கனம்." அவர் தலையாட்டினார். முழங்கைக்குக் கீழே அதே இடத்தில் ஊசி இறங்கியது. விரலால் திருகினார்.

"வருகிறதா?"

காத்திருந்தேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் வந்து நின்றது.

"இல்லை."

கொஞ்சம் இழுத்து, சாய்த்து, மறுபடியும் இறக்கினார். "இப்போது?"

"இல்லை."

"கட்டைவிரலில்?"

"இல்லை."

அவர் குனிந்து என் முகத்தைத் தேடினார். வேறு யாரும் என் முகத்தில் அவ்வளவு நேரம் எதையும் தேடியதில்லை. "உன் முகத்தை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது," என்றார். "பழக்கத்தில் சொல்கிறாயா? நிஜமாகச் சொல்."

இருக்கிறது என்று ஒரு சொல் போதும். அவர் எழுதியிருப்பார். எழுதத்தான் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். அக்கா மேலே பேசியிருப்பார். அட்டை திறந்திருக்கலாம், திறக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அவர் அப்படிக் கேட்டபோது பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். களைப்பாகவும் இருந்திருக்கலாம்.

"நிஜமாகத்தான் சொல்கிறேன். வருவது நின்றுவிட்டது," என்றேன்.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பஞ்சால் அழுத்தினார். கட்டைவிரலையும் அழுத்தினார், எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்தது. தொடர்ந்து வந்தால் மறுபடியும் வரக்கூடும் என்றார். அட்டை இல்லாமல் என்னால் தொடர்ந்து வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். வாசல் வரை வந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சைக் கையில் வைத்தார். இடது கையில்தான் வைத்தார்.

கீழே வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னா சொன்னாங்க?"

"பாத்தாங்கக்கா. ஒண்ணும் வரல."

"வரலன்னு நீங்களே சொன்னீங்களா?"

"வரலையே. வருதுன்னு எப்படிக்கா சொல்றது?"

"வந்தப்ப சொல்லல. வராதப்பதான் வாய் தொறந்திருக்கீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் அரசாங்கத் திட்டம் வந்தா வேற மாதிரி இருக்கும்ங்கிறாங்க. அதுல இந்த ஊசி இருக்கா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியல. வந்தா கூப்பிடுறேன். நம்பர மாத்திடாதீங்க தம்பி."

காண்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். என்னுடையது புதுப்பிக்கப்படவில்லை. மேற்பார்வையாளர் கைகொடுத்தார். நான் வலது கையைத்தான் நீட்டினேன், அழுத்திப் பிடித்தாரா லேசாகப் பிடித்தாரா என்று சொல்லத் தெரியாது.

இப்போது மெர்சிங்கில் இருக்கிறேன். தீவுகளுக்குப் போகிற படகுகள் வந்து நிற்கிற துறையில் கயிறு பிடிக்கிற வேலை. படகு நெருங்கும்போது கயிற்றை வீசுவார்கள், பிடித்துக் கட்டையில் சுற்றிக் கட்ட வேண்டும். வலது கை பிடிக்கிறது. பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் கயிறு உராய்ந்து கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. படகோட்டி ஒருவர் பார்த்துவிட்டு, வலிக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போதும் இல்லையா என்றார். நடுவில் கொஞ்ச நாள் இருந்தது என்று சொன்னேன். கயிறு பிடிக்கிறவர்களுக்கு என்று அவர் ஒரு தோல் கையுறை கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டால் மற்றவர்களுக்கும் கயிறு அவ்வளவாகத் தெரியாதாம்.